உள்ளே போகாதவர் வெளியே வந்தார்

அத்தியாயம் 7

“இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லை” என்றார் பேராசிரியர். “இறந்த காலம், படர்க்கை, ஒருமை. ‘என் அப்பா வெளியே வந்தார்.’ அவ்வளவுதான்.”

பாரசீக மொழியில் அவர் பெரிய ஆள். அறை முழுக்கப் புத்தகங்கள். உட்கார நாற்காலி வேண்டுமென்றால் ஒரு மகாகவியைத் தூக்கித் தரையில் வைக்க வேண்டும். என்ன, அவருக்குப் பழக்கமான பாரசீகர்கள் எல்லாரும் செத்துப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அவர்களில் ஒருவர்கூட சலவைக் கம்பெனியில் வேலை பார்த்ததில்லை.

“கைப்பேசியில இருக்கற மொழிபெயர்ப்பும் இதையேதான் சொல்லுது அண்ணி” என்றேன். “ரெண்டு பேர் சொல்லிட்டாங்க. ஒருத்தர் மனுஷன், ஒண்ணு மெஷின். யாரு எதுன்னு கேக்காதீங்க.”

அண்ணி சிரிக்கவில்லை. எங்கள் துப்பறியும் நிலையத்தின் பெயர்ப்பலகையில் இருப்பது என் அண்ணனின் பெயர். அவன் உயிரோடு இருந்தவரை நாங்கள் கண்டுபிடித்தது காணாமல் போன ஒரு நாயை. அதுவும் தானாகவே வீட்டுக்கு வந்துவிட்டது. அவன் போன பிறகு அண்ணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதிலிருந்துதான் எங்களைப் பார்த்து நாலு பேர் பயப்படுகிறார்கள். என் வேலை கார் ஓட்டுவது, காபி வாங்கி வருவது, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது.

“உள்ளே போகாத ஆள் எப்படிடா வெளியே வர முடியும்?” என்றார் அண்ணி. கேட்டது என்னை, பார்த்தது சுவரை.

வழக்கு இதுதான். ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ஒரு சலவைக் கம்பெனி. அதன் முதலாளி இஸ்திரி அறையில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். பக்கத்தில் அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பாரசீகம் தவிர எதுவும் தெரியாது. போலீஸ் தங்களிடம் இருந்த ஒரே பாரசீக மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டது. அவர் அவளிடம் கேட்டுச் சொன்ன வாக்குமூலத்தில் உருப்படியாக இருந்தது ஒரு வரி: ‘அந்த ரூம்லேருந்து எங்கப்பா வெளியே வந்தார்.’

அப்பாவைப் பிடித்தார்கள். வீட்டில் உட்கார்ந்து பழைய பைகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்த வயதான மனிதர். அதே மொழிபெயர்ப்பாளர் வழியாக, ‘நீ வெளியே வந்தியா?’ என்று கேட்டார்கள். ‘ஆமாம்’ என்றார். நாளை கோர்ட்டிலும் ‘ஆமாம்’ என்றால் அவர் அந்தத் தையல் மெஷினுக்குத் திரும்பப் போவதில்லை.

ஆனால் கம்பெனி வாசல் காவலாளி, வயதானவர் யாரும் உள்ளே போகவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான். “பின்வாசல் இருக்கும்மா” என்றார் இன்ஸ்பெக்டர். அண்ணி போய்ப் பார்த்தார். இருந்தது. அதை மறைத்து, மனிதனால் நகர்த்த முடியாத ஒரு பழைய சலவை மெஷினும் இருந்தது.

அந்தப் பெண் எங்கள் ஆபீசுக்கு வந்தபோது அவளிடம் ஒரே ஒரு தமிழ் வார்த்தை இருந்தது. “அப்பா” என்றாள். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து விலங்கு மாதிரிக் காட்டினாள். தலையை இடமும் வலமும் ஆட்டினாள். பிறகு தன் நெஞ்சில் ஓங்கித் தட்டிக்கொண்டாள். என் அப்பா, கைது, கூடாது. எனக்கே புரிந்தது. அவளுக்காகச் சட்ட உதவி வக்கீலிடம் கெஞ்சி, போலீஸ் விசாரணையின் ஒலிப்பதிவை வாங்கினோம். முக்கியமான நாலு வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்து ஊர் முழுக்கப் போட்டுக் காட்டியது நான்தான். நேரம் மிச்சமாகும் என்று நினைத்தேன்.

“புத்தகத்துல இல்லாத பாரசீகம் பேசற ஆள் வேணும் சார்” என்றார் அண்ணி. “சண்டை போடற, திட்டற, அழற பாரசீகம்.”

பேராசிரியர் யோசித்தார். பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

“என் பல் டாக்டர். ஒருநாள் கையிலிருந்த கருவி நழுவிக் காலில் விழுந்துவிட்டது. அந்த அம்மாள் விட்ட வார்த்தை சுத்தமான பாரசீகம். பன்மை விகுதி தவறு. திருத்தலாம் என்று பார்த்தேன், என் வாயில் பஞ்சு.”

---

“நான் பல்லுக்கு மட்டும்தான் டாக்டர்” என்றார் பல் டாக்டர். நடுத்தர வயது. முகக்கவசத்துக்கு மேலே இருந்த கண்களே எங்களை வெளியே அனுப்பிவிட்டன. “அந்த பாஷை எங்கம்மாவோடது. அவங்களோடயே போயிடுச்சு.”

“ஒரு நிமிஷம் கேட்டா போதும்.”

“இப்படித்தாங்க ஒருதடவை ஆஸ்பத்திரியில கூப்பிட்டாங்க. ஒரு நிமிஷம்னாங்க. ஒரு அம்மாகிட்ட, அவங்க பையன் பொழைக்கலைன்னு சொல்லணும். பெரிய டாக்டர் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன். அந்த அம்மா பெரிய டாக்டரைப் பார்க்கவே இல்ல, என்னைத்தான் பார்த்தாங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் அவங்க பையனைக் கொன்னது நான்.” கையுறையை இழுத்து மாட்டினார். “வெளில பேஷன்ட் காத்திருக்காங்க.”

“நாங்களும் பேஷன்ட்தான்” என்றார் அண்ணி. “என் கொழுந்தனாருக்குப் பல்வலி.”

எனக்கு எந்த வலியும் இல்லை. அண்ணி என்னைக் கொழுந்தனார் என்று மரியாதையாகக் கூப்பிட்டால் அடுத்து ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். வந்தது. நாற்காலி சாய்ந்தது, விளக்கு எரிந்தது, வாய் திறந்தது. டாக்டர் எட்டிப் பார்த்தார்.

“அடப்பாவமே. எப்படிங்க சாப்பிடறீங்க? கடைவாய்ப்பல் அழுகிப்போய் இருக்கு.”

அண்ணி அதை எதிர்பார்க்கவில்லை, நானும்தான். மறுப்புத் தெரிவிக்க முயன்றபோது வாயில் ஊசியும் பஞ்சும் ஒரு உறிஞ்சு குழாயும் இருந்தன. மெஷின் கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. அண்ணி அமைதியாகக் கைப்பேசியை என் நெஞ்சின்மேல் வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டார். முழுசாக, ஆரம்பத்திலிருந்து. வாயைத் திறந்து வைத்திருக்கும் ஆளை விட்டுவிட்டு எந்த டாக்டரும் எழுந்து ஓட முடியாது என்பதுதான் அண்ணியின் திட்டம். அந்த வாய் என்னுடையது என்பது சின்ன விவரம்.

பெண்ணின் குரல் வந்தது. உடைந்த குரல். நடுநடுவே மொழிபெயர்ப்பாளரின் வழவழப்பான குரல்.

மெஷின் நின்றது.

“எவ்வளவு சின்னப் பொண்ணு” என்றார் டாக்டர். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டார். “திரும்பப் போடுங்க.”

அண்ணி போட்டார்.

“நெஞ்சு இறுகிக் கிடக்குங்கறா. அவர் ‘ரொம்ப வேதனையா இருக்கு’ன்னு சொல்றார். சரி. என் தலையில மண்ணுங்கறா. நம்ம மாதிரியேதான். அவர் ‘என் கெட்ட நேரம்’னு சொல்றார். அதுவும் சரி. கூட வேலை செய்யற பொண்ணை ‘என் ஈரல்’ங்கறா. அவர் ‘என் உயிர்த் தோழி’ங்கறார். நல்லாவே சொல்றார். பாஷை தெரிஞ்ச ஆள்தான்.”

“அடுத்தது?”

அடுத்தது ஓடியது. டாக்டரின் புருவம் சுருங்கியது.

“இது தப்பு.”

“அப்பா வெளியே வந்தார்னு அவ சொல்லலையா?”

“வார்த்தைக்கு வார்த்தை அதான். ஆனா அப்படி அர்த்தம் இல்லைங்க. அது சும்மா ஒரு பேச்சு. தாங்க முடியாம கஷ்டப்பட்டா ‘எங்கப்பா வெளியே வந்துட்டார்’ம்பாங்க. நாம உயிர் போயிடுச்சுங்கறோமே, அந்த மாதிரி. எங்கம்மா மாடிப்படி ஏறி வந்தாக்கூட அதைத்தான் சொல்வாங்க. எங்க தாத்தா எங்கயும் வெளில வந்ததில்ல.”

வாயில் பஞ்சோடு நான் யோசித்தேன். காலையில் பேராசிரியர் எங்களை ஒரு மணி நேரம் கழுத்தறுத்தார் என்று நான் போனில் நண்பனிடம் சொன்னேன். இந்த மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்த்திருந்தால் பேராசிரியர் இந்நேரம் தூக்குமேடையில் நின்றிருப்பார்.

“தெரியாம சொல்லியிருப்பாரோ?” என்றார் அண்ணி. அவர் குரலை எனக்குத் தெரியும். பதில் தெரிந்த பிறகுதான் இப்படிக் கேட்பார்.

“மத்த எல்லாத்தையும் அழகா மாத்தத் தெரிஞ்சவருக்கு இது மட்டும் தெரியாதா?” டாக்டர் மறுபடி ஓடவிட்டுக் கேட்டார். “இன்னொண்ணு. அவ ‘அந்த ரூம்ல’ன்னுதான் சொல்றா. அவர் ‘அந்த ரூம்லேருந்து’ன்னு சொல்லியிருக்கார். எங்க பாஷைல அது ரெண்டும் வேற வேற வார்த்தை. காதுல தப்பா விழ வாய்ப்பே இல்ல.”

ஒரு ‘இருந்து’. அந்தக் கிழவரை அறைக்குள் கொண்டுபோய் வைத்து, வெளியே இழுத்து, கையில் விலங்கு மாட்டியது அந்த ஒரு ‘இருந்து’தான். நான் வெட்டி எடுத்த நாலு வார்த்தையில் அது இல்லை.

“கடைசியா அவளுக்கு ஏதோ ஆறுதல் சொல்றாரே” என்றார் அண்ணி. “என்ன அது?”

“ஆறுதல் இல்ல.” டாக்டர் கையுறையைக் கழற்றினார். “‘போதும், இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே’ங்கறார். அவ ‘சரியாச் சொல்லுங்க அண்ணே, சரியாச் சொல்லுங்க’ன்னு கெஞ்சறா. அதை அவர் யாருக்கும் சொல்லவே இல்ல.”

அண்ணி எழுந்தார். டாக்டரும் கூடவே எழுந்தார். நான் மட்டும் சாய்ந்து கிடந்தேன், பாதி தோண்டிய பல்லோடு.

---

மொழிபெயர்ப்பாளருக்கு முழுநேர வேலை ஒரு டிரைவிங் ஸ்கூலில். நாங்கள் போனபோது வகுப்பு முடிந்திருந்தது. சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். மேஜையில் தெரு வரைந்த பலகை. அதில் சின்னச் சின்ன பொம்மைக் கார்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான, நேர்த்தியாகச் சட்டை இஸ்திரி போட்ட மனிதர்.

“பாரசீகம் கத்துக்கலாம்னு ஆசை” என்றார் அண்ணி. “ஒரு சின்னச் சந்தேகம். ‘ரூம்ல’வுக்கும் ‘ரூம்லேருந்து’க்கும் உங்க பாஷைல வித்தியாசம் உண்டா?”

பொம்மைக் கார் நடுத்தெருவில் நின்றது.

“உண்டு.”

“அப்ப ஸ்டேஷன்ல ஏன் இல்லாம போச்சு?”

“அவசரத்துல…” என்று ஆரம்பித்தவர், அண்ணிக்குப் பின்னால் நின்ற டாக்டரைப் பார்த்தார். டாக்டர் பாரசீகத்தில் ஏதோ ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் முகத்தில் மிச்சமிருந்த வழவழப்பு போய்விட்டது. மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“அந்தப் பெரியவர் மேல அப்படி என்ன பகை?” என்றார் அண்ணி.

“பகையா? எனக்கு அவரைத் தெரியவே தெரியாதுங்க.”

“பின்ன?”

“அவர் இருக்கார்னே எனக்குத் தெரியாது.”

மரத்துப்போன தாடையோடு நான், “காது குத்தாதீங்க” என்றேன். அது எந்த மொழியிலும் சேராத ஒரு சத்தமாக வெளிவந்தது. யாரும் மொழிபெயர்க்கவில்லை.

“அந்தப் பொண்ணு பேசப் பேசவே எனக்குப் புரிஞ்சுபோச்சு” என்றார் அவர். “அந்த ரூம்ல எனக்கு உயிரே போச்சுன்னு ஆரம்பிக்கறா. உள்ளே இருந்தது ரெண்டே பேர். ஒருத்தன் செத்துட்டான். இவ அவனால கஷ்டப்பட்டேன்னு சொல்றா. இதை அப்படியே சொன்னா இன்ஸ்பெக்டர் என்ன எழுதுவார்? கொலைக்குக் காரணம் கிடைச்சாச்சுன்னு எழுதுவார். எத்தனையோ தடவை அந்த மேஜைல உட்கார்ந்திருக்கேங்க. இப்படி ஆரம்பிக்கற வாக்கியம் எங்கே போய் முடியும்னு எனக்குத் தெரியும். முடிய விடலை.”

“அதனால அவ அப்பாவைக் கொண்டுவந்தீங்க.”

“யாரோ ஒரு அப்பா. இங்கே இல்லாத அப்பா.” அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். “இந்த வேலைக்கு வர்றவங்க யாரும்மா அப்பாவைக் கூட்டிட்டு வருவாங்க? நான் எங்கப்பாவை விட்டுட்டுத்தான் வந்தேன். அவர் சாவுக்குக்கூடப் போகலை. எல்லாரும் அப்படித்தான்னு நினைச்சேன். போலீஸ் கொஞ்ச நாள் தேடும், ஆள் கிடைக்கலைன்னு மூடி வெச்சுடும். யாருக்கும் நஷ்டமில்லாத பொய்னு நினைச்சேன். மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. போனா, பெஞ்சுல ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கார்.”

அவர் தலையிலிருந்து கையை எடுத்தார்.

“நீங்க அந்த ரூம்லேருந்து வெளில வந்ததா உங்க பொண்ணு சொல்றான்னு கேட்டேன். கேக்கறப்பவே, ‘இல்ல’ன்னு சொல்லுங்க பெரியவரேன்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அவ என்ன சொல்லியிருப்பா, நான் அதை என்னவா ஆக்கியிருக்கேன், எல்லாம் அவருக்குப் புரிஞ்சுடுச்சு. ‘ஆமாம், நான் வெளியே வந்தேன்’னார். பக்கத்துல இன்ஸ்பெக்டர் டீ குடிச்சிட்டிருந்தார். அவர் முன்னாடியே நாங்க ரெண்டு பேரும் ஒரு பொண்ணைக் காப்பாத்தினோம்.”

“இல்ல” என்றார் அண்ணி. “அவ வாயை அடைச்சீங்க.”

---

காரில் நான் பேசும் நிலைக்கு வந்திருந்தேன். வந்ததும் வராததுமாக ஒரு யோசனை சொன்னேன்.

“விட்டுடலாம் அண்ணி. பெரியவர் தெரிஞ்சுதானே தலையைக் கொடுத்திருக்கார்? நாம வாயைத் திறந்தா அந்தப் பொண்ணு உள்ளே போயிடும்.”

“அவ நம்ம ஆபீசுக்கு வந்தப்ப என்ன சொன்னா?”

“‘என் அப்பாவைக் காப்பாத்துங்க’ன்னு…”

“நெஞ்சில தட்டினா. நாம அதை ‘என்’னு எடுத்துக்கிட்டோம்.” அண்ணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். “விலங்கு, தலையாட்டல், நெஞ்சு. ‘அப்பா இல்ல, நான்’னு சொல்லியிருக்கா. வந்த அன்னைக்கே முழு வாக்குமூலமும் கொடுத்துட்டா. நாமளும் அவளை நமக்கு வேண்டிய மாதிரிதான் மொழிபெயர்த்தோம். அந்த ஆளை மட்டும் திட்டி என்ன பண்ண?”

பின் சீட்டில் டாக்டர் கண்ணை மூடியிருந்தார். “நான் சொல்றேன்” என்றார். “இந்தத் தடவையும் என் மூஞ்சிதான் அவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பரவாயில்ல.”

---

ஸ்டேஷனில் ஒரு மின்விசிறி சுற்றாமல் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். டாக்டர் அவள் மொழியில் முதல் வார்த்தை பேசியதும் அவள் தோள் இரண்டும் கீழே இறங்கின. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டு நின்ற எதையோ இறக்கி வைத்தது போல.

“முதலாளி தினமும் கதவைச் சாத்துவார்” என்றார் டாக்டர். “அந்த ரூம்ல எனக்கு உயிரே போச்சு. அன்னைக்கும் சாத்தினார். நான் தள்ளினேன்.”

இன்ஸ்பெக்டர் பேனாவைத் தூக்கினார். “நீங்களா?”

“அவ ‘நான்’னு சொல்றா. நானும் ‘நான்’னுதான் சொல்வேன். எழுதுங்க.”

எழுதினார்.

“இஸ்திரி மெஷின் முனையில தலை மோதிச்சு. எழுந்திருப்பார்னு காத்துக்கிட்டிருந்தேன். எழுந்திருக்கலை. தாழ்ப்பாள் எனக்கு எட்டாது. கூடையைக் கவிழ்த்துப் போட்டு, ஏறித் திறந்தேன். எங்கப்பா அங்கே வரவே இல்ல. அவருக்கு அந்த இடமே தெரியாது.”

“கூடையை நான் பார்த்தேன்” என்றார் அண்ணி. “அழுக்குத் துணியெல்லாம் தரையில கிடந்துச்சு, கூடை கதவுக்குக் கீழே கவிழ்ந்திருந்துச்சு. தாழ்ப்பாளும் பாருங்க. புதுசு. அந்த ஆளோட உயரத்துக்கு அளவெடுத்து அடிச்சது. தற்காப்புன்னு வக்கீல் நிக்கறதுக்கு அது போதும். உங்க ஆளுங்க எடுத்த போட்டோலயே இருக்கு சார். யாரும் எதுக்குன்னு கேக்கலை.”

இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். “இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.

டாக்டர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

பெரியவரை அழைத்து வந்தார்கள். அவளை அழைத்துப் போனார்கள். அகலமில்லாத நடைவழி, இருவரும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டுதான் கடக்க வேண்டியிருந்தது. அவர் அவள் தலையைப் பிடித்து ஏதோ சொன்னார், கோபமாக. அவள் இரண்டே வார்த்தை சொன்னாள். பெண் காவலர் அவள் கையைத் தொட, போய்விட்டாள். டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வாயைக் கொடுத்தே பழகிய எனக்கும் அன்றைக்கு அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

கையெழுத்து வாங்கினார்கள். கழற்றி வாங்கிய பெல்ட்டையும் கண்ணாடியையும் திருப்பிக் கொடுத்தார்கள். பெரியவர் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“பெரியவரே, நீங்க போகலாம்” என்றார் ஏட்டு.

டாக்டர் சொன்னார். பெரியவர் அசையவில்லை.

“விட்டாச்சு, வீட்டுக்குப் போகச் சொல்லுங்க டாக்டர். இங்கே உட்காரக்கூடாது.”

டாக்டர் மறுபடி சொன்னார். பெரியவர் உள்ளே போகும் அந்த நடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, அவருக்குப் புரியலையா?”

“புரிஞ்சுது” என்றார் டாக்டர்.

கைப்பேசியை எடுத்து, அன்றைக்கு வரவேண்டிய நோயாளிகளை வரவேண்டாம் என்று சொன்னார். பிறகு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.